பழைய வாகனம் வாங்கும்போது நியாயமான விலை எது?

நமது நாட்டில் நடுத்தரக் குடும்பமொன்று வீட்டுக்கு அடுத்தபடியாகச் செய்யும் பெரிய கொள்வனவு வாகனம்தான். ஆசிரியர், கடை ஊழியர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் என்று பலரும் பல வருட சேமிப்பை ஒரே நாளில் ஒருவரின் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் விலை பேசுவதற்கு அவர்கள் ஒதுக்கும் நேரமோ அரை மணித்தியாலம். "கடைசி விலை எவ்வளவு நானா?" என்று கேட்பதையே நம்மில் பலர் பேரம் பேசுவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் விலை தீர்மானமாவது அந்தக் கேள்விக்கு முன்னர் நாம் செய்யும் வேலையில்தான்.

முதலில் இந்தச் சந்தையை விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஓடிப் பழசாகும் வாகனத்தின் விலை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இறக்குமதி திறந்த பின்னரும் வரிகள் அதிகம் என்பதால் பழைய வாகனங்களுக்குக் கிராக்கி குறையவில்லை. ஆகவே, "நான் இவ்வளவுக்கு வாங்கினேன்" என்று விற்பவர் சொல்வதும், "2019இல் இது பாதி விலைதானே" என்று வாங்குபவர் சொல்வதும் இன்றைய விலைக்கு ஆதாரமாகாது. இதே வாகனம், இதே வருடம், இதே நிலையில் இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதே அளவுகோல்.

அதை அறிய இணைய விளம்பரங்களில் ஒரே மொடல், ஒரே உற்பத்தி வருடம் கொண்ட பத்து வாகனங்களையாவது எழுதி வையுங்கள். உற்பத்தி வருடமும் பதிவு வருடமும் வேறு வேறாக இருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் இரண்டும் இருக்கும். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை மட்டுமே. இரண்டு மூன்று வாரங்களாக விற்காமல் கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

அடுத்தது வாகனத்தைப் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில் போங்கள். எஞ்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் எஞ்ஜின் ஒயில் எரிகிறது. பொனட், மட்கார்ட் ஆகியவற்றின் போல்ட்களில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அவை ஒரு முறையாவது கழற்றப்பட்டுள்ளன. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வாகனமாக இருக்கலாம். மீட்டரில் உள்ள கிலோமீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். சேர்விஸ் பதிவுகளோடும், ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்ததாயின் ஏலத் தாளோடும் ஒப்பிடுங்கள். அந்தத் தாளில் தரம் ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது என்று பொருள். ஹைபிரிட் என்றால் ஸ்கேன் பண்ணாமல் விலையே பேசாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிச் செல்வதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபா வீண் செலவல்ல.

இப்போது கணக்கு. விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சில இலக்கங்களை எடுப்போம். விற்பவர் கேட்பது 63 இலட்சம். ஒத்த வாகனங்களின் நடு விலை 61 இலட்சம். நான்கு டயர்களுக்கு 1,20,000, முன் சஸ்பென்ஷனுக்கு 60,000, டிங்கரிங் வேலைக்கு 50,000. மொத்தம் 2,30,000. 61 இலட்சத்தில் அதைக் கழித்தால் 58,70,000. இதுதான் உங்கள் அளவு. 57இல் ஆரம்பித்து, 59ஐத் தாண்டுவதில்லை என்று வீட்டிலேயே முடிவெடுத்துச் செல்லுங்கள். வாகனத்தின் முன்னால் நின்று எடுக்கும் முடிவு ஆசையின் முடிவு.

பேசும்போது காரணத்தோடு பேசுங்கள். "நானா, வாகனத்த நல்லா வெச்சிருக்கீங்க. டயர் நாலும் மாத்தணும், முன்னுக்குச் சத்தமும் இருக்கு. கராஜ்ல கேட்டேன், ரெண்டு லட்சத்து முப்பது போகும். அதக் கழிச்சுத் தந்தா, வியாழக்கிழமையே பேங்க்ல சல்லிய முடிக்கலாம்." இதில் ஏச்சும் இல்லை, கெஞ்சலும் இல்லை. உடனடியாகப் பணம் தருவதும் விற்பவருக்கு ஒரு பெறுமதிதான். பிறகு மௌனமாக இருங்கள். பதில் வருவதற்கு முன் நீங்களே விலையைக் கூட்டிவிடாதீர்கள்.

இங்கே நியாயம் இரு பக்கத்துக்கும் உரியது. குறையை மறைத்து விற்பது எப்படிப் பாவமோ, இல்லாத குறையைச் சொல்லி ஒருவரின் பொருளை மட்டமாக்குவதும் அப்படித்தான். மக்களின் பொருட்களைக் குறைத்து மதிப்பது ஷுஐப் நபியின் சமூகத்தின் குற்றங்களில் ஒன்றாகக் குர்ஆனில் வருகிறது. டயர் தேய்ந்தது என்று விளம்பரத்திலேயே சொல்லி விலையைக் குறைத்திருப்பவரிடம் அதே டயருக்காக மீண்டும் கழிக்கக் கேட்பது சரியல்ல. வைத்தியச் செலவுக்காக அவசரமாக விற்பவரின் அவசரத்தை நமது இலாபமாக்குவது பேரம் அல்ல, பறிப்பு. இன்னொருவர் பேசி முடித்த வாகனத்துக்குக் கூடுதல் விலை சொல்லி இடையில் புகுவதும் நமக்குத் தடுக்கப்பட்டதே.

விலை சரியானாலும் ஆவணம் சரியில்லை என்றால் அது மலிவு அல்ல. பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியைப் பார்த்து, செஸி, எஞ்ஜின் இலக்கங்களை வாகனத்தோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் முடியவில்லை, அல்லது நீக்கப்படவில்லை. அப்படியானால் மீதியை அந்த நிறுவனத்துக்கே நேரடியாகச் செலுத்தி விடுவிப்புக் கடிதம் பெறும் வகையில் பேசுங்கள்.

'ஓபன் பேப்பர்' வாகனங்கள் நம் ஊர்களில் ஏராளம். பதிவு உரிமையாளர் யாரோ ஒருவராக இருப்பார், கையொப்பமிட்ட படிவம் நாலு கை மாறியிருக்கும். அவர் மரணித்தாலோ வெளிநாடு போனாலோ பெயர் மாற்றுவது பெரும்பாடு. விற்பவருக்கும் ஆபத்துண்டு: நாளை அந்த வாகனம் விபத்துக்குள்ளானால் பொலிஸ் தேடி வருவது பதிவில் உள்ள பெயரையே. எனவே இரு தரப்பும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தைத் தாமதமின்றி முடிப்பதையும் விலையின் ஒரு நிபந்தனையாக வையுங்கள்.

எட்வான்ஸ் கொடுப்பதாயின் ஒரு தாளில் விலை, கொடுத்த தொகை, மீதி கொடுக்கும் திகதி, செஸி இலக்கம், ஆவணம் பிழைத்தால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை ஆகியவற்றை எழுதி, இருவரும் அடையாள அட்டை இலக்கத்துடன் கையொப்பமிடுங்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்பதற்காக எழுதாமல் விட வேண்டாம். எழுதாத கொடுக்கல் வாங்கலில்தான் சொந்தமே முறிகிறது.

ஆறு மாதம் கழித்துப் பள்ளிவாசல் முற்றத்தில் விற்றவரும் வாங்கியவரும் சந்தித்தால், முகம் பார்த்து ஸலாம் சொல்லிக்கொள்ள முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகின்ற விலையே நியாயமான விலை.