படகுக்கும் ஒரு விளக்கு வேண்டும்

பொது நன்மைப் பொருள் எது என்று விளக்கப் பொருளியல் ஆசிரியர்கள் கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்காட்டுவார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. நானும் வகுப்பில் அதையே சொல்லிவந்தேன். முயல்தீவில் கலங்கரை விளக்கம் நிற்கும்போது தூத்துக்குடி மாணவர்களுக்கு வேறு உதாரணம் எதற்கு? ஆனால், அதே கடலில் மிதக்கும் நாட்டுப்படகின் விளக்கைப் பற்றி நான் ஒருநாளும் பேசியதில்லை.

இரவில் கரையில் நின்று பார்த்தால், நங்கூரமிட்ட கப்பல்கள் தனித்தனி ஊர்களாக ஒளிர்கின்றன. அருகே வலை விரித்திருக்கும் வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் கண்ணில் படுவதே இல்லை. விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது தமிழகக் கடல் மீன்பிடி விதி. போவதும் வருவதும் இருளில்தான்.

கப்பல்கள் மோதுவதைத் தடுக்க 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள் சிறு கலங்களிடம் அதிகம் கேட்பதில்லை. 12 மீட்டருக்கும் குறைவான இயந்திரப் படகுக்கு எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை ஆகியவை போதும். வலை விரித்து மீன்பிடிக்கும் கலம் வெள்ளைக்கு மேலே சிவப்பும், இழுவலைப் படகு வெள்ளைக்கு மேலே பச்சையும் காட்ட வேண்டும். துடுப்புப் படகுக்காரர் கையில் ஒரு டார்ச் விளக்காவது இருக்க வேண்டும்.

அந்த வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்கிறது விதி. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அத்தொலைவை 8 நிமிடங்களில் கடந்துவிடும். மரத்தாலும் ஃபைபராலும் ஆன படகுகள் ரேடாரில் மங்கலாகவே தெரியும். முகப்புக்கு நேர் முன்னே சில நூறு மீட்டர் கடல், மேல்தளத்தில் நிற்கும் மாலுமியின் பார்வைக்கே மறைந்துவிடும். ஆகவே, அந்த 8 நிமிடங்கள்தாம் இரு தரப்புக்கும் உள்ள அவகாசம்.

2017-இல் கொச்சிக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'கார்மல் மாதா' படகின் மீது ஒரு சரக்குக் கப்பல் மோதியது. 2018 ஆகஸ்டில் முனம்பம் அருகே 'ஓஷியானிக்' படகு மோதுண்டு, குமரி மாவட்ட மீனவர்கள் பலர் மாண்டனர். விளக்கின்மையே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. கப்பலில் கண்காணிப்பவர் விழிப்புடன் இருப்பது முதல் கடமை. எனினும், மோதலில் கப்பலுக்குக் கீறல் விழும். படகுக்கு உயிர் போகும்.

எதிரே வரும் கப்பலின் விளக்குகளைப் படிக்கவும் தெரிய வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, இரு வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால், கப்பல் நம்மை நோக்கியே வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைக் காண்கிறோம். கப்பல் நெருங்க நெருங்க, அது தெரியும் திசை மட்டும் மாறாமலிருந்தால் உடனே விலக வேண்டும்.

விளக்கு மிகுந்தாலும் ஆபத்துதான். மேல்தட்டில் எரியும் வெள்ளொளி படகின் சிவப்பு, பச்சை விளக்குகளை விழுங்கிவிடும். படகோட்டியின் கண்ணும் கூசும்; மறுபடி இருளுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகலாம். மீனை ஈர்க்கும் எல்.இ.டி. விளக்குகளை மத்திய அரசு 2017-இல் தடை செய்தது மீன்வளம் கருதியே. இங்கே ஒரு விநோதம்: மீனைக் கூட்டும் விளக்கு லாபம் தருவதால், தடையை மீறியும் அதை வாங்க ஆளுண்டு. உயிர் காக்கும் விளக்கு வருமானம் தராது. அது பழுதானால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம்.

ரொனால்டு கோஸ் 1974-இல் எழுதிய கட்டுரையில், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்கள் பலவற்றைத் தனியாரே கட்டி, துறைமுகங்களில் கட்டணம் வாங்கி நடத்தியதை எடுத்துக்காட்டினார். நம் நாட்டிலும் 1927-ஆம் ஆண்டின் சட்டப்படி கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2021-இல் வந்த புதிய சட்டத்திலும் அக்கட்டணம் தொடர்கிறது. கப்பலுக்கு வழிகாட்ட நிதி சேர்க்கத் தெரிந்த நமக்கு, கப்பலிடமிருந்து படகைக் காக்க அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்க முடியாதா? டீசலுக்கு மானியம் உண்டு. சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும் விளக்கு அதைவிட மிகச் சிறிய செலவு.

ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளை மீன்வளத் துறை ஆய்வு செய்கிறது. அன்று இருட்டிய பின் அதே அலுவலர்கள் கரையில் நின்று, ஒவ்வொரு படகையும் இரண்டு மைல் தள்ளி நிறுத்தி விளக்கேற்றச் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்து, நாட்டுப்படகுகளையும் அழைக்கட்டும்.