அன்று சிபாரிசு, இன்று தரவரிசை

அனுமந்தைக் கிராமத்துப் பக்கம் வாலிபால் போட்டி என்றால் நுழைவுக் கட்டணத்தைக் கட்டி, டீம் பேரை நோட்டில் எழுதிவிட்டால் ஆடலாம். அங்கிருந்து இ.சி.ஆரில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானத்தில் அந்தக் கதை நடக்காது.

ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். அப்போது கணினித் தரவரிசை கிடையாது. நாட்டுச் சங்கம் பேரை அனுப்பும். போட்டி நடத்துகிறவர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். கூட்டத்தை இழுக்கும் பேர் என்றால் கவலையில்லை. கிருஷ்ணனுக்கு அடுத்த படியில் நின்றவனுக்குத்தான் யாருடைய தயவாவது வேண்டும்.

1973 ஆகஸ்ட் 23 அன்று ஆண் டென்னிஸ் வீரர்களின் சங்கமான ஏடிபி தன் முதல் தரவரிசையை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஆளைவிட எண்தான் பேசுகிறது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடம். 104 பேர் தரவரிசையால் வருகிறார்கள், 16 பேர் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வருகிறார்கள். மிச்சம் எட்டும் போட்டி நடத்துகிறவர் தன் விருப்பப்படி தரும் வைல்டு கார்டு. பட்டியலை ஆறு வாரம் முன்பே மூடிவிடுவதால், இன்று எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் அன்றைய எண்தான் கணக்கு.

தகுதிச்சுற்றில் தோற்றவருக்கும் ஒரு சந்து உண்டு, 'லக்கி லூசர்'. யாராவது கடைசி நேரத்தில் விலகினால் அந்த இடம். 2018-இல் புது விதி வந்தது: காயத்தோடு வந்து விலகினாலும் முதல் சுற்றுப் பரிசில் பாதி உண்டு. விலகுகிறவர்கள் கூடினார்கள், அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் ஆண்கள் ஒற்றையரில் எட்டு லக்கி லூசர்கள். சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கும் முறை வந்திருக்கும். ஆனால் அவர் இத்தாலியில் விசென்சா சேலஞ்சர் என்ற கீழ்நிலைப் போட்டி ஆடப் போயிருந்தார். பிரெஞ்சு ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றாலே 40,000 யூரோ! அர்ஜென்டினாவின் மார்க்கோ டிருங்கெலிட்டி பார்சிலோனாவிலிருந்து பாட்டியையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே வந்து கையெழுத்துப் போட்டு, பெர்னார்ட் டாமிக்கை வீழ்த்தியும் காட்டினார். பிரஜ்னேஷைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகுதிச்சுற்று ஆட வேண்டிய தரவரிசையில் இருப்பவர், வருமா வராதா என்று தெரியாத இடத்துக்காக ஒரு வாரத்தை எப்படிச் சும்மா விடுவார்?

பழைய சிபாரிசு முழுசாகச் செத்துவிடவில்லை. வைல்டு கார்டாக உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் அது உள்ளூர்க்காரருக்கே போகும். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. கொடுக்க நம்மிடம் கிராண்ட்ஸ்லாம் இல்லை. அதனால்தான் சென்னை ஓப்பன் முக்கியமாக இருந்தது. 2009-இல் வைல்டு கார்டில் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், அங்கே இருமுறை பட்டம் வென்ற கார்லோஸ் மோயாவையே சாய்த்து இறுதி ஆட்டம் வரை போனார். அந்த ஆண்கள் போட்டி 2017-ஓடு புனேவுக்குப் போனபோது விளம்பரப் பலகையும் விருந்தும் மட்டுமா போயின? நம் பையன்களுக்குத் திறந்திருந்த கதவும் கூடவே போனது. பிறகு வந்த சேலஞ்சர் போட்டிகள் நல்லவைதான், ஆனால் புள்ளிகள் குறைவு.

பெண்கள் பக்கம் ஓர் ஆறுதல். 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பன், டபிள்யூடிஏ 125 போட்டி. கோவையின் மாயா ராஜேஸ்வரனுக்கு 15 வயது, தரவரிசை எண்ணே கிடையாது. கிடைத்தது தகுதிச்சுற்றுக்கான வைல்டு கார்டு மட்டும். அதை வைத்து உள்ளே வந்து அரையிறுதி வரை ஆடினார். டபிள்யூடிஏ கணக்கில் அவர் பேரில் முதல் புள்ளிகள் ஏறியது அந்த வாரம்தான்.