வெயிலில் மறையும் எழுத்து

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்கு அடிச்சாம்பல் நோய் கண்டுவிட்டால் மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போட முடியாது. லிட்டர் நீருக்கு எத்தனை கிராம் என்பதை இன்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். வேளாண்மைச் செய்திகளுக்கென்றே தமிழக அரசு 2018இல் ‘உழவன்’ என்னும் செயலியை வெளியிட்டது. அத்தகைய செயலி ஒன்றை நாமே எழுதுவதாகக் கொள்வோம். பந்தலைவிட்டு வெளியே வந்து, உச்சி வெயிலில் ஒருவர் அதைப் பார்க்கிறார். 1.5 கிராம் என்பதில் நடுவிலுள்ள புள்ளி கண்ணில் படவில்லை. அவர் படிப்பது 15! அவ்வளவு மருந்து இலையைக் கருக்கிவிடக்கூடும். புள்ளி தெரியாமற்போனதற்கு, நிறத்தைத் தேர்ந்தவரும் பொறுப்பாவார்.

செயலியில் நிறம் எப்படி எழுதப்படுகிறது? சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளுக்கும் 0 முதல் 255 வரை ஆளுக்கோர் எண். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. இப்படி 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம். ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: 128 என்பது பாதி ஒளி அன்று. திரையின் இயல்பினால் அது முழு ஒளியில் ஏறக்குறைய 22 சதவிகிதமே ஆகும்.

இந்த எண்களை நிரலில் எங்கே எழுதுவது என்பதுதான் அடுத்த கேள்வி. புதிதாக நிரல் எழுதுபவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே நிறத்தை எழுதிக்கொண்டு போவார். நாற்பது பக்கச் செயலியில் பச்சையைச் சற்று மாற்ற வேண்டுமானால் நாற்பது இடத்தில் தேட வேண்டியதுதான். தேர்ந்தவர் அவ்வாறு செய்வதில்லை. ஒரே இடத்தில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறார்: பின்னணி = 255, 255, 255; எழுத்து = 33, 33, 33; தலைப்பு = 46, 125, 50. மற்ற இடங்களிலெல்லாம் எண்ணே வராது. ‘எழுத்து’, ‘தலைப்பு’ என்ற பெயர்தான் வரும். நாடகத்தில் வேடத்தின் பெயர் மாறாதிருக்க, நடிகர் மாறுவதைப் போன்றது இது. இப்பட்டியலைத் ‘தீம்’ என்பர்.

இனி, தேர்ந்த நிறம் படிக்க ஏற்றதா என்று கணக்கிடுவோம். நம் கண் மூன்று ஒளிகளையும் சமமாக உணர்வதில்லை. வெள்ளை ஒளியின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு நூற்றுக்கு 72, சிவப்பு 21, நீலம் வெறும் 7. இதன்படி இரு நிறங்களின் பிரகாசத்தைக் கணக்கிட்டு, திரையின் மேல் படும் சிறிதளவு அறை வெளிச்சத்தையும் இரண்டோடும் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வேறுபாட்டு விகிதம் கிடைக்கும். சாதாரண அளவுள்ள எழுத்துக்கு இது குறைந்தது 4.5 இருக்கவேண்டும் என்று டபிள்யூ-3-சி அமைப்பு 2008இல் வகுத்த இணைய நெறிகள் கூறுகின்றன. வெள்ளையின் மேல் 76, 175, 80 என்ற அழகிய இளம்பச்சைக்கு விகிதம் 2.8தான், தேறவில்லை. 46, 125, 50 என்ற கரும்பச்சைக்கு 5.1, தேறிவிட்டது. நாகரிகம் என்று பலரும் விரும்பும் 158, 158, 158 என்ற சாம்பல் எழுத்துக்கு 2.7 மட்டுமே.

ஆனால் இவை அறைக்குள் செய்த கணக்குகள். தோட்டத்தில் என்ன ஆகும்? உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். திரை அதில் 5 சதவிகிதத்தைச் சிதறித் திருப்புவதாகக் கொண்டால், சதுர மீட்டருக்குச் சுமார் 1,600 கேண்டெலா ஆகும். திரையின் சொந்த வெள்ளை 500 என்போம். இப்போது வெள்ளை 2,100, கறுப்பும் 1,600! கன்னங்கரிய எழுத்துக்கே விகிதம் 1.3தான், சாம்பல் எழுத்துக்கு 1.2கூட இல்லை. பந்தலின் நிழலில் 5,000 லக்ஸ் என்றால் திரும்பும் ஒளி 80தான். அங்கே கறுப்புக்கு விகிதம் 7க்கு மேல் வந்துவிடுகிறது. சாம்பலோ நிழலிலும் 2.3ஐத் தாண்டவில்லை. அளவைப் பார்க்கக் கொடியின் கீழே நகர்ந்துகொள்பவர் அறிவியல்படியே நடக்கிறார் என்க.

இருட்டில் நிலைமை நேர்மாறு. விடியுமுன் விலை பார்ப்பவருக்கு வெள்ளைத் திரை கண்ணைக் கூசும். இதற்காகவே 2019இல் ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 13 ஆகியவை கைப்பேசி முழுவதற்குமான கருந்தோற்ற வசதியைக் கொண்டுவந்தன. இரண்டாவது பட்டியல் ஒன்றை எழுதிவைத்தால் போதும்: பின்னணி 18, 18, 18, எழுத்து 224, 224, 224. கைப்பேசியின் அமைப்பைக் கேட்டு, செயலி உரிய பட்டியலை எடுத்துக்கொள்ளும். ஓ.எல்.இ.டி. திரையில் கறுப்புப் புள்ளி ஒளிர்வதே இல்லையாகையால் மின்கலமும் மிச்சம். வெயிலுக்கு இது உகந்ததன்று. கரிய பரப்பில் வானமும் நம் முகமுமே கண்ணாடிபோல் தெரியும்.

பெயரை விட்டு நேரே எண்ணை எழுதியவர் இங்கேதான் அகப்படுவார். அவர் ஏதோ ஒரு மூலையில் 0, 0, 0 என்று எழுதிவைத்த வரி, கரிய பின்னணியில் அடியோடு மறைந்துவிடும். அது ‘குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்ற வரியாகவும் இருக்கலாமே!

தோற்றம் மாறும்போது மாறக்கூடாதவையும் உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. காயின் பச்சை நிறத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப விலை அமையும். கருந்தோற்றத்துக்காகப் படத்தையும் மங்கலாக்கினால் நல்ல காய் பழைய காயாகத் தோன்றும். படங்களைத் தீமிலிருந்து விலக்கிவைப்பதே முறை. விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று மட்டும் காட்டுவதும் போதாது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இவ்விரு நிறங்களும் பிரிந்து தெரிவதில்லை. பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கட்டும்.

எழுத்தளவையும் தீமிலேயே குறிக்கலாம். ஆண்ட்ராய்டில் அதை ‘எஸ்.பி.’ என்ற அலகில் எழுதினால், பெரிய எழுத்து வேண்டுமென்று பயனர் கைப்பேசியில் அமைத்திருப்பதற்கேற்ப அதுவும் பெருகும். தமிழுக்கு வரி இடைவெளியும் சற்று மிகுதியாக வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து அமைத்த நெருக்கமான வரிகளில் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கூ’வின் வாலும் வெட்டுப்படுகின்றன, ‘க்’கின் தலைப்புள்ளி மேல்வரியில் ஒட்டிக்கொள்கிறது. நம் எழுத்தில் புள்ளி போனாலும் பொருள் போய்விடும், 1.5இல் போனதைப் போலவே.