தரையும் ஓர் இயந்திரமே

மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் தொழிற்கூடங்களுக்குக் கடன் கோரி வரும் திட்ட அறிக்கைகளைப் பார்க்கிறோம். மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பொருத்தும் இயந்திரத்தின் விலை அவற்றில் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இயந்திரம் நிற்கப்போகும் தரையோ ‘கட்டுமானச் செலவு’ என்னும் தலைப்பில் கரைந்து போயிருக்கும். உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் 2020ஆம் ஆண்டு மின்னணுத் துறைக்கு அறிவிக்கப்பட்டது முதல் இத்துறையில் கால் பதிக்க விரும்பும் சிறு தொழில்முனைவோருக்காக, தரையைப் பற்றிச் சில சொற்கள்.

நடக்கும்போது காலணியும் தரையும் தொட்டுப் பிரிவதால் உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் அதன் அதிர்வை நாம் உணர்கிறோம். நுண்ணிய சில்லுகளுக்கோ 100 வோல்ட்டுக்கும் குறைவானதே கேடாகலாம். பாதிக்கப்பட்ட சில்லு எப்போதும் உடனே செயலிழப்பதில்லை. தொழிற்கூடச் சோதனையில் தேறி, வாங்கியவரிடம் சென்றபின் பழுதாவதும் உண்டு. அப்போது சரக்கு திரும்பி வரும். வரவேண்டிய பணம் நிற்கும். கடன் தவணை மட்டும் நிற்காது.

ஐ.இ.சி. 61340-5-1, ஆன்சி/இ.எஸ்.டி. எஸ்20.20 ஆகிய தரநிலைகளை இத்துறை பின்பற்றுகிறது. தரை, காலணி, மனிதர் மூன்றும் சேர்ந்த மின்தடை 100 கோடி ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நடப்பவர் உடலில் சேரும் மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மின்தடை சரியாக இருந்தும் நடக்கும்போது மின்னழுத்தம் கூடிவிடும் தரைகள் உள்ளன. ஆகவே இரு சோதனைகளும் தேவை. சாதாரணக் காலணியுடன் நடந்தால் எவ்வளவு உயர்ந்த தரையும் பயன் தராது. இரு கால்களிலும் குதிகால் பட்டையோ, இதற்கென அமைந்த காலணியோ வேண்டும். அமர்ந்து வேலை செய்பவர் காலைத் தூக்கிவிடக்கூடும் என்பதால் அவருக்கு மணிக்கட்டுப் பட்டையும் அவசியம்.

தரை வகைகளில் எப்பாக்சி பூச்சும் வினைல் ஓடும் முதன்மையானவை. எப்பாக்சி இணைப்பின்றிப் பரவுவது; பாரம் ஏற்றிய வண்டிகள் ஓடும் இடத்திற்கு ஏற்றது. எனினும் கான்கிரீட்டில் ஈரம் தங்கியிருந்தால் பூச்சு உரிந்துவிடும். வினைல் ஓட்டில் பழுதான பகுதியை மட்டும் மாற்றலாம். ஆனால் மின்கடத்தும் பசையும், புவியிணைப்புக்கான செப்புப் பட்டைகளும் இன்றி ஒட்டினால் அது வெறும் ஓடுதான். எந்தத் தரையானாலும் சாதாரண மெழுகுப் பூச்சு அதன் மீது மின்காப்புப் படலமாகப் படிந்துவிடும். எனவே துப்புரவுப் பணியாளருக்குத் தரும் பயிற்சியும் முதலீட்டின் ஒரு பகுதியே.

இடத்தின் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்று உலர்ந்தால் நிலைமின்சாரம் பெருகும். நொய்டாவில் மழைக்காலத்தில் தேறிய தரை, ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட காற்றில் தவறக்கூடும். ஆகவே 12 விழுக்காடு ஈரப்பதத்தில் செய்யப்பட்ட சோதனைச் சான்றைத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறுங்கள். கடலோர நகரம் என்றாலும் இக்கேள்வி பொருந்தும். குளிரூட்டி ஓடும் கூடத்தினுள் வெளிக்காற்றின் ஈரம் அப்படியே இருப்பதில்லை.

ஒப்பந்தக்காரருக்குரிய தொகை முழுவதையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். தரை அமைந்தபின், உங்கள் பணியாளர் அணியும் அதே காலணியுடன் நடைச் சோதனை நடத்தி, அளவீடுகளை எழுத்தில் பெற்ற பின்னரே இறுதித் தொகையை வழங்குவது நலம். இயந்திரங்களை நிறுவியபின் தரையைப் பெயர்ப்பதென்றால் உற்பத்தியையே நிறுத்த வேண்டிவரும்.

திட்ட அறிக்கையில் தரை, புவியிணைப்பு, காலணி, சோதனைக் கருவி, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுங்கள். தரையையும் புவியிணைப்பையும் தவணைக் கடனுக்கான மதிப்பீட்டில் தொடக்கத்திலேயே சேர்த்துக் கேட்கலாம். பிற்பாடு நடைமுறை மூலதனத்திலிருந்து எடுத்துத் தரை போட்டால், மூலப்பொருள் வாங்கவும் ஊதியம் தரவும் கைப்பணம் குறையும். கிளை மேலாளரைச் சந்திக்க வரும்போது இயந்திரத்தின் விலைப்புள்ளியோடு தரையின் விலைப்புள்ளியையும் சோதனைச் சான்றையும் கொண்டு வாருங்கள்.