பழைய அம்பாசிடருக்குள் மழைத் தண்ணீர் வருகிறதா? ஜன்னல் ரப்பரை மாற்றுவது எப்படி, ஏன் அவசரம்?

கண்ணாடியை முழுசா ஏத்திவிட்டுத்தான் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். ஆனாலும் ஜூன் மாதம் நாலு நாள் விடாமல் மழை பெய்தபின் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். காலடியில் கிடக்கும் மேட்டைத் தூக்கினால் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும்.

திருவனந்தபுரத்தில் அப்பா காலத்து அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர். ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், பீடிங்.

ஒரு துண்டு ரப்பருக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று தோணலாம். மூன்று எண்களைப் பார்த்தால் புரியும்.

1,800, 2014, 50

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,800 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையில் இது சுமார் 1,400. அதோடு இங்கே தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே உண்டு. ஜூனில் நனைந்த வண்டி காய்வதற்குள் அக்டோபர் மழை வந்துவிடும். பக்கத்திலேயே கடல் என்பதால் காற்றில் உப்பும் இருக்கிறது.

இரண்டாவது எண், 2014. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து 1958-இல் வந்த அம்பாசிடரின் தயாரிப்பை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் நிறுத்தியது. தொழிற்சாலையிலிருந்து புது பாடி இனி வராது. ஜீப் மாதிரி அம்பாசிடருக்குத் தனி சேஸிஸும் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. அதனால் தரைத் தகடு துருப்பிடிப்பது அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் இல்லை, வண்டியின் பலமே குறைகிறது.

மூன்றாவது எண், 50. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

'கே.எல்.டி.' என்று தொடங்கும் பழைய திருவனந்தபுரம் நம்பர் பிளேட்டோடு ஒரு வண்டி உங்கள் வீட்டில் நின்றால், அது 50-ஐத் தொடும்போது பாடி மிச்சம் இருக்குமா என்பதே கேள்வி. பதிலில் பாதி இந்த ரப்பரிடம் இருக்கிறது.

ரப்பர் ஏன் வெடிக்கிறது?

இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் இருக்கும் கொஞ்சூண்டு ஓசோன் அந்த இடங்களைத்தான் தாக்கும். ரப்பர் எங்கே அதிகமாக இழுபட்டிருக்கிறதோ அங்கே முதல் வெடிப்பு விழும். முன் கண்ணாடியின் மூலைகளை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். வெயில் இதை வேகப்படுத்தும்.

இதற்கு இப்போது பயன்படுவது ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். இதன் முக்கியச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோனையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை விளைவிப்பது கேரளா, ரப்பர் வாரியம் இருப்பதும் கோட்டயத்தில்தான். ஆனால் கார் ஜன்னலுக்கு மட்டும் பெட்ரோலியத்திலிருந்து வரும் ரப்பர்தான் பொருத்தம்.

ஈ.பி.டி.எம்.-க்கும் ஒரு எதிரி உண்டு: எண்ணெய். கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் பட்டால் ஊதிப்போகும். ரப்பர் வழுக்கிப் போக கொஞ்சம் கிரீஸ் தடவலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

முன் கண்ணாடி ரப்பரை மாற்றுவது எப்படி?

இன்றைய கார்களில் முன் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அம்பாசிடரில் ரப்பர்தான் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. அதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்றில் கண்ணாடி உட்காரும், இன்னொன்று பாடியின் தகட்டு விளிம்பைக் கவ்வும். இதைப் பொருத்த இரண்டு பேர் வேண்டும்.

1. முதலில் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது.

2. பழைய ரப்பரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். வெளி உதட்டைக் கத்தியால் வெட்டிவிட்டால் கண்ணாடி தானாக வெளியே வரும். கண்ணாடியின் பலவீனமே அதன் விளிம்புதான்.

3. வெட்டியதில் ஒரு துண்டை எடுத்து வையுங்கள். கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், இந்தத் துண்டின் குறுக்குவெட்டைப் புது ரப்பரோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

4. தகட்டு விளிம்புதான் மிக முக்கியம். துருவைச் சுரண்டி, பிரைமர், பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். பல வருடப் பட்டியும் பெயிண்டும் சேர்ந்து விளிம்பு தடித்திருந்தால் ரப்பர் சரியாகக் கவ்வாது.

5. புது ரப்பரை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். நீளமாக வாங்கி வெட்டுகிற ரகம் என்றால் இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. ஒரு செ.மீ. கூடவே விடுங்கள். ரப்பர் பிறகு சுருங்கும், அப்போது இணைப்பில் இடைவெளி விழும்.

6. ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டியபின், பாடி பக்கத்துப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் நுழையுங்கள். இரண்டு முனைகளும் கீழே நடுவில், காருக்கு உள்பக்கமாகத் தொங்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே இருப்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்கணும். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழும். கீழ்ப்பக்கம், பிறகு இரு ஓரம், கடைசியில் மேலே. எங்கேயாவது சிக்கினால் தட்டாதீர்கள், இன்னும் கொஞ்சம் சோப்பு போடுங்கள்.

7. மேலே லாக் பண்ணும் பட்டை இருக்கும் ரகம் என்றால் அதைக் கடைசியில் செருகுங்கள்.

பிறகும் கசிந்தால்? கெட்டியாகாத சீலன்ட்டை ரப்பருக்கு அடியில் செலுத்தலாம். பாத்ரூமுக்குப் போடும், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் தகட்டை அரிக்கும்.

கதவு கண்ணாடிக்கும் இதே கதைதானா?

இல்லை. ஏறி இறங்கும் கண்ணாடியை முழுசா அடைக்க முடியாது. பக்கவாட்டில் துணி ஒட்டிய சேனலும், கீழே கண்ணாடியைத் துடைத்துவிடும் பட்டையும் தண்ணீரைக் குறைக்கும், அவ்வளவுதான். மிச்சம் கதவுக்குள் போகும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். அந்தத் தண்ணீர் வெளியேறத்தான் கதவின் அடியில் சிறு ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள்.

'தண்ணி வருது' என்று அந்த ஓட்டைகளைப் பட்டி வைத்தோ பெயிண்ட் அடித்தோ அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டி ஆகிவிடும், உள்ளிருந்தே அழுகும். மழைக்கு முன் ஒரு மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்திவிடுவது ஐந்து நிமிட வேலை.

கதவு பீடிங் புதுசாகப் போட்டதும் கதவை மூட இறுக்கமாக இருக்கும். சில வாரத்தில் ரப்பர் அமுங்கிச் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் தடிமன் தவறான பீடிங் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

எப்போது செய்யலாம்?

ஜனவரி, பிப்ரவரி. திருவனந்தபுரத்தில் மழை மிகக் குறைவான மாதங்கள் இவை. விளிம்பில் அடித்த பெயிண்ட் காய நேரம் கிடைக்கும், ஜூன் 1-ஐ ஒட்டி வரும் பருவமழைக்கு முன் ஹோஸ் வைத்து இன்னொரு முறை சோதித்தும் பார்த்துவிடலாம்.

வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ரப்பர் ஈ.பி.டி.எம்.-ஆ? கண்ணாடியைக் கழற்றியபின் விளிம்பின் துருவை எனக்குக் காட்டுவீர்களா? பெயிண்ட் காய எத்தனை நாள் விடுவீர்கள்? மூன்றாவதுக்கு 'சாயங்காலமே வண்டி ரெடி' என்று பதில் வந்தால், வேறு இடம் பார்ப்பது நல்லது.