காமிராவும் கடமையும்

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு யாத்திரை போகிறவனுக்கு அறிமுகக் கடிதம் வேண்டியதில்லை. சென்ற வாரம் மேற்குத் தாம்பரம் கடைவீதியில் இவ்வுண்மையை நாம் கண்டோம். வெறுங்கையுடன் பல முறை நடந்த வீதிதான். அப்பொழுதெல்லாம் நம்மை ஏறெடுத்துப் பார்த்தவர் எவருமில்லை. இம்முறையோ பூக்கார அம்மாள் ஒருவர் தாமாகவே, "எந்தப் பேப்பர், ஸார்? என்னையும் ஒரு படம் பிடியுங்கள்" என்றார். படத்தைப் பார்த்துச் சிரித்தவர், 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் தம் வீடு மூழ்கிய கதையைச் சொல்லலானார். "மழை வந்தால் இன்றும் தூக்கமில்லை, இதையும் எழுதுங்கள்" என்றார்.

காமிரா ஸ்நேகத்தைத் தருகிறது. கூடவே ஒரு கடனையும் சுமத்துகிறதன்றோ!

அக்கடனைத் தீர்த்தவர் ஏ. கே. செட்டியார். மகாத்மாவைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி அவர் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தார். அந்நியரிடம் பெற்றதையெல்லாம் 1940-ஆம் ஆண்டில் ஒரே படமாக்கி ஜனங்களுக்கே திருப்பியளித்தார்.

இன்று தொண்டர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும், கைபேசி வடிவில், காமிரா இருக்கிறது. ஏழையின் முகத்தை அவர் சம்மதமின்றி எடுப்பது தவறு. எடுத்ததை அவருக்குக் காட்டாமல் போவது அற்பத்தனம். நம்பிச் சொன்ன குறையை மறப்பதோ துரோகம்.

அம்மாளின் குறையை இங்கே எழுதிவிட்டோம். அவருடைய படத்தின் பிரதியுடன் மறுபடியும் தாம்பரம் போவோம். படம் எடுக்கும் நண்பர்களும் இவ்வாறே செய்வார்களாக!