கை மட்டும் தெரிகிறது

வெட்டவெளியில் ஓர் எஃகுக் கை மிதக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே முழு மனிதன் ஒருவன் நிற்கிறான் என்பதில் படிப்பவருக்குச் சந்தேகமே வருவதில்லை. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் இதழிலேயே இப்படி வந்து நின்றவன்தான் இரும்புக்கை மாயாவி. இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட எத்தனையோ பேருக்கு அவன்தான் முதல் அறிவியல் புனைகதை நாயகன்.

அவன் பிறந்த ஊர் லண்டன். 1962இல் வெளிவரத் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழுக்காக, நாவலாசிரியர் கென் பல்மர் எழுத, பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். மூலத்தில் நாயகன் பெயர் லூயி கிராண்டல்; ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். எஃகு மறையாது.

மறைந்த மனிதன் என்ற கற்பனைக்கு முன்னோடி எச்.ஜி. வெல்ஸ். 1897இல் வெளியான அவருடைய நாவலில் ஒளிவிலகல்தான் அடிப்படை. ஒரு பொருள் ஒளியை உறிஞ்சாமல், சிதறடிக்காமல், காற்றைப் போலவே வளைக்காமல் அனுப்பிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. விழித்திரை ஒளியைப் பிடித்தால்தான் பார்வை. முழுக்க மறைந்தவனின் விழித்திரையிலும் ஒளி தங்காது. அவன் குருடனாகத்தான் இருக்க வேண்டும். வெல்ஸ் இதை யோசிக்காமல் இல்லை. நாவலில் சோதனைக்கு உள்ளாகும் பூனையின் உடல் மறைந்த பிறகும், கண்ணுக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் மட்டும் மறைய மறுக்கிறது.

எழுத்தாளருக்கு இருந்த சிக்கல் இது. ஓவியருக்கு இருந்தது வேறு. கண்ணுக்குத் தெரியாதவனை நூற்றுக்கணக்கான கட்டங்களில் எப்படி வரைவது? அந்த எஃகுக் கைதான் விடை. வாசகரின் கண் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு புள்ளியை விட்டுவைத்து, மற்றதை வாசகரிடமே ஒப்படைப்பது. கை உயர்ந்தால் தோள் உயர்ந்ததாகவும், கை தரையருகே போனால் ஆள் குனிந்ததாகவும் நாமே வரைந்துகொள்கிறோம். அறிவியல் புனைகதைக் காமிக்ஸின் உயிர்நாடி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

அந்தக் கை எஃகு என்று எப்படித் தெரிகிறது என்பதையும் கவனிக்கலாம். ஓவியரிடம் இருப்பது கறுப்பு மை ஒன்றுதான். சாம்பல் நிறம் இல்லை. தோலை வரையும்போது ஓவியர் மெல்லிய கோடுகளை நெருக்கி, போகப்போக விலக்கி, வெளிச்சத்தை நிழலுக்குள் மெதுவாகக் கரைப்பார். உலோகத்துக்கு அந்தக் கரைப்பு ஆகாது. விரல் நெடுக ஒரு பளிச்சென்ற வெள்ளைப் பட்டை. அதை ஒட்டியே கூர்மையான விளிம்போடு கன்னங்கரேல் என்று ஒரு கறுப்பு. கறுப்பின் மறுகரையில் மறுபடி ஒரு மெல்லிய வெள்ளை. பளபளப்பான பரப்பு தன்னைச் சுற்றியுள்ளவற்றைக் கண்ணாடி போல எதிரொளிப்பதால், அதில் வெளிச்சமும் இருட்டும் திடீர் திடீரென்று மாறுகின்றன. அந்தத் திடீர் மாற்றத்தை வரைந்தால் போதும், கண் அதை உலோகம் என்று படித்துவிடும்.

அச்சகத்துக்குப் போனால் இதில் இன்னொரு கணக்கு சேரும். ஆஃப்செட் முறையில், எண்ணெய்ப் பசையுள்ள மையும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே குணத்தை வைத்துத்தான் படம் விழுகிறது. தகட்டில் படம் உள்ள இடம் மையைப் பிடிக்கும். மற்ற இடம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும். மை பிறகு ரப்பர் போர்வைக்கு மாறி, அதிலிருந்து தாளுக்குப் போகும். மலிவான தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். மிக நெருக்கமாக இழுத்த கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் சாணித்தாளில் அச்சாகப்போகும் படத்துக்குக் கோடுகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி வேண்டும். பேச்சுக் குமிழிலும் இப்படித்தான். தமிழ் எழுத்தின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வரிக்கு மேலும் கீழும் நீளும். ஆங்கில வரிகளுக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது; ஒரு வரியின் ‘கு’ அடுத்த வரியின் ‘கி’யில் போய் முட்டும்.

மாயாவியின் கதையில் உடல் மறைந்தது. சொற்களையே மறைத்துவிட்டால்? பெங்களூரில் வாழும் காமிக்ஸ் ஓவியர் அப்புப்பன் அதைச் செய்துகாட்டினார். இயற்பெயர் ஜார்ஜ் மாத்தன்; விளம்பரத் துறை அனுபவம் உள்ளவர். ‘ஹலஹலா’ என்றொரு கற்பனை உலகத்தை உருவாக்கி, அதன் முதல் நூலான ‘மூன்வர்ட்’டை 2009இல் கொண்டுவந்தார். வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். 2013இல் வந்த ‘லெஜண்ட்ஸ் ஆஃப் ஹலஹலா’வில் உரையாடல் கிடையாது. பிரெஞ்சு ஓவியர் மோபியஸ் 1975இல் தன் ‘அர்சாக்’ கதைகளை இப்படிச் சொல்லின்றி வரைந்து, உலகக் காமிக்ஸின் போக்கையே திருப்பியிருந்தார். வசனமில்லாத பக்கத்தில், இது எந்தக் காலம், இங்கே யாருக்கு அதிகாரம், யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதையெல்லாம் கட்டடத்தின் உயரமும் கூட்டத்தின் நெரிசலும் விளம்பரப் பலகையின் அளவும்தான் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் பழகிய கை இதற்கு நன்றாகவே உதவும். பின்னர் அவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லோரான் தோதேவுடன் சேர்ந்து ‘ட்ரீம் மெஷின்’ என்ற நூலைச் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கொண்டுவந்தார். கற்பனை உலகத்தில் பயின்ற கலையை நிகழ்கால அறிவியலை விளக்கப் பயன்படுத்தியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மறைத்துச் சொல்லும் இந்தக் கலையைப் பயில நம் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. சேர்வராயன் மலை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அங்கே நடப்பதாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். மலை உச்சியில் பாக்சைட் சுரங்கம் இருந்த இடத்தில், கைவிடப்பட்ட ஓர் இயந்திரம் தானாக விழித்துக்கொள்கிறது. மூச்சுப் பிடித்துக் கற்பனை செய்ய வேண்டிய கதை இல்லை. அந்த மலையின் பாறை சார்னோகைட். நெடுங்காலத்து மழை அதிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத அலுமினியச் சேர்மங்கள் உச்சியில் பாக்சைட்டாகத் தங்கின. அந்தக் கனிமம் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலம் உண்டு. மலையடியில் மேக்னசைட்டும், சேலத்தில் உருக்காலையும் இருக்கின்றன. உலோகக் கை ஒன்று பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலின் குகையை வேற்றுக்கிரகக் கலமாக்கிவிடலாம் என்று யாருக்கும் சட்டென்று தோன்றும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். அது அந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் கும்பிடும் கோயில். அவர்கள் சாமியை அலங்காரப் பொருளாக எடுத்துக்கொள்ளும் உரிமை ஓவியருக்கு இல்லை.

இனி பக்கம். முதல் வேலை மூடுபனி. பனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை; எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. அதே மலையைத் தெளிந்த நாளில் சமவெளியிலிருந்து பார்த்தால் நீலமாக இருக்கும். நடுவிலுள்ள காற்றின் மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதே காரணம். எனவே வண்ண அட்டையில் தூரத்து மலைக்கு நீலம், பனிக்கு வெறும் தாள். உள்பக்கத்தில் கறுப்பு மை மட்டும்தான். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் இங்கே கைகொடுக்கும். நெட்டுக்குத்தலான மரங்கள் என்பதால் மூன்று விதக் கோடுகளால் ஒரு காட்டையே காட்டிவிடலாம். முன்மரத்துக்குத் தடித்த கறுப்பு. அதில் படரும் மிளகுக்கொடிக்கு இலை இலையாக விளிம்பு. அடுத்த மரத்துக்கு ஒற்றைக் கோடு. மூன்றாவதற்கு விட்டு விட்டு வரும் புள்ளிக்கோடு. நான்காவது மரம் வேண்டாம். இந்த வெள்ளைக்குள் இயந்திரத்தை முழுதாக வரைவது பெரும் தவறு. பிளாஸ்கோவின் பாடம் இங்கே உதவும்: பளிச் வெள்ளையும் கன்னங்கறுப்புமாக ஒரு மூட்டு, அவ்வளவே.

இரண்டாவது வேலை கடினமானது. கொண்டை ஊசிச் சாலையை முழுப் பக்கத்தில் வளைத்து விட்டு, அதன் நெடுகக் கதை நகர்வதாகக் காட்ட எந்த ஓவியருக்கும் ஆசை வரும். பார்வைக்கு அழகாகவே இருக்கும். படிக்கும்போதுதான் இடறும். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். சாலையோ முதல் வளைவில் வலப்பக்கம் போய், இரண்டாவதில் வலமிருந்து இடமாகத் திரும்புகிறது. ஒரு வரி விட்டு ஒரு வரி கதை பின்னோக்கி ஓடும். இதற்குப் பரிகாரங்கள் உண்டு. ஒரே பேருந்தை ஒவ்வொரு வளைவிலும் திரும்ப வரைந்தால் அதன் முகப்பு கண்ணுக்குத் திசை காட்டும். வளைவு முனையில் ஒரு பேச்சுக் குமிழை இரண்டு சாலைகளையும் தொடும்படி வைத்தால், கண் அதைப் பிடித்துக்கொண்டு தாவும். திரும்பி வரும் சாலையில் வசனமே இல்லாமல் விட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி: பேச்சு எல்லாம் இடமிருந்து வலம் போகும் சாலைகளில், வலமிருந்து இடம் வரும் சாலைகளில் பேருந்தின் விளக்கும் பனியும் மட்டும். ஏறுகிறவர்கள் பேசுவதும் அடங்குவதுமாகப் பக்கத்துக்கு ஒரு மூச்சோட்டமே வந்துவிடும்.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து இரவில் தெரியும் சேலத்தைத் தலைகீழ் முறையில் வரைய வேண்டும். கட்டம் முழுவதும் கறுப்பைப் பூசி, விளக்குகளை வெள்ளை மையால் புள்ளி வைப்பது. பனிப் பக்கங்களின் வெள்ளைக்கு அடுத்து இந்தக் கறுப்பு வந்தால் பொழுது சாய்ந்ததைச் சொல்லத் தனியாக ஒரு வரி வேண்டியதில்லை.

கடைசியாக, இயந்திரத்தை எங்கே முழுதாகக் காட்டுவது? புத்தகத்தைத் திறந்ததும் இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் விழுந்துவிடும். வலப்பக்கத்தில் அதை வைத்தால், இடப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண் அதைப் பார்த்துவிடும். ஆகவே அது இடப்பக்கத்தில்தான் வர வேண்டும். அதற்கு முந்தைய வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தோட்டத் தொழிலாளி ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்பது தாளைப் புரட்டினால்தான் தெரியும்.